கோபாலசாமி சாருக்கு ஒரு சுறா

கராமா, துபாய்
7 அக்டோபர் 2024

திரு. ஜான் பீட்டர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் இஃப்பத். கராமாவில் ஒரு டிராவல்ஸில் புக்கிங் பார்க்கிறேன். சுறா பிடிக்கப் போகும் பயணத்துக்குப் படகு கேட்டு உங்கள் ஃபுஜைரா ஆபீசுக்கு இரண்டு மெயில் ஆங்கிலத்தில் போட்டேன். பதில் இல்லை. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்றுதான் உங்கள் முதலாளி ஹஸ்னைன் பாய் ஒருவழியாக எடுத்தார். சுறா என்றால் ஜான் பீட்டர்தான் கூட்டிப் போவார், அவரும் உங்கள் தமிழ் ஆள்தான், அவருக்கே எழுதிக்கொள்ளுங்கள் என்று இந்த முகவரியைத் தந்தார். அதனால் தமிழில் எழுதுகிறேன். இதற்காவது பதில் வேண்டும்.

வருகிறவர்கள் நான்கு பேர். எங்கள் ஆபீசின் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், அவர் மகள், மருமகன், ஒரு நண்பர். சாருக்கு அறுபது வயது நிறைகிறது. நட்சத்திர ஹோட்டலும் பாலைவன ஜீப்பும் அலுத்துவிட்டதாம், சுறா பிடிக்க வேண்டும் என்கிறார். 19ஆம் தேதி சனிக்கிழமை. எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று இன்றே எழுதுங்கள்.

இஃப்பத்


ஃபுஜைரா
9 அக்டோபர் 2024

இஃப்பத் மேடத்துக்கு,

மன்னிக்கணும். இங்கிலீஷ் வாசிப்பேன், எழுதினால் பிழையாகிவிடும். அதனால்தான் உங்கள் மெயிலை அப்படியே வைத்திருந்தேன். கடலில் இருக்கும்போது போனும் கிடைக்காது.

19ஆம் தேதி சரி. காலை ஐந்து மணிக்குப் படகு புறப்படும். பதினெட்டு மைல் வெளியே போக வேண்டும். திரும்ப மதியம் இரண்டாகும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட வேண்டாம். வாந்தி மாத்திரை முந்தின நாளே போட்டுக்கொள்ளட்டும். சுறா தூண்டிலைக் கடிக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கடித்தால் படகு ஓரம் வரைக்கும் கொண்டுவந்து, படம் எடுத்துக்கொண்டு, விட்டுவிட வேண்டும். கொல்லக் கூடாது. இது எங்கள் கம்பெனி விதி.

நான்கு பேருடைய ஐடி காப்பியும் அனுப்புங்கள். பெயர் எழுதிக் கொடுத்தால்தான் கடலோரக் காவலில் அனுமதி கிடைக்கும்.

ஜான் பீட்டர்


கராமா
11 அக்டோபர் 2024

திரு. ஜான் பீட்டர் அவர்களுக்கு,

ஐடி காப்பி நான்கும் இணைத்திருக்கிறேன். முதலில் இருப்பவர்தான் கோபாலசாமி சார். ஆள் சப்ளை கம்பெனி வைத்திருக்கிறார். வருடத்துக்கு முந்நூறு டிக்கெட் எங்களிடம்தான் போடுகிறார். அதனால் எங்கள் மேனேஜர் முஆத் இந்த ஒரு புக்கிங்கை நாளுக்கு நான்கு தடவை விசாரிக்கிறார்.

விட்டுவிட வேண்டும் என்று சாரிடம் சொன்னேன். "அப்புறம் எதும்மா பிடிக்கணும்? தாடையையாவது வெட்டி எடுத்துட்டு வரணும், ஆபீஸ் சுவர்ல மாட்டணும்" என்றார். அது முடியாது என்று அரை மணி நேரம் போனில் விளக்கினேன். இந்த வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் ஒரு மீனுக்காக இவ்வளவு வாதாடியது இதுவே முதல் தடவை. தயவுசெய்து தேதியை உறுதி செய்யுங்கள்.

இஃப்பத்


ஃபுஜைரா
17 அக்டோபர் 2024

மேடம்,

19ஆம் தேதி காற்று பலமாக இருக்கும். படகு போகாது. 26 பார்க்கலாம்.

ஜான் பீட்டர்


ஃபுஜைரா
24 அக்டோபர் 2024

மேடம்,

என்ஜினில் கோளாறு. சாமான் வர வேண்டும். 26ஆம் தேதி முடியாது. வேறு கம்பெனி படகு பார்த்துக்கொண்டால் நல்லது.

ஜான் பீட்டர்


கராமா
28 அக்டோபர் 2024

திரு. ஜான் பீட்டர்,

இன்று காலை ஹஸ்னைன் பாயிடம் பேசினேன். 19ஆம் தேதி உங்கள் படகு ஜெர்மன்காரர்கள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. கடல் அலையே இல்லாமல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்ததாம். 26ஆம் தேதியும் போயிருக்கிறது, அதே என்ஜினோடு. இரண்டு தடவையும் கூடப் போனவர் நீங்கள்தான்.

ஏன் பொய் சொன்னீர்கள்? உங்களுக்கு இந்தப் பயணம் வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் ஒவ்வொரு தடவையும் காற்று, என்ஜின் என்று சாரிடம் சொல்லி, அவர் முஆதிடம் சொல்லி, முஆத் எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்து, "ஒரு போட் புக் பண்ணத் தெரியாத ஆளுக்கு எதுக்கு விசா?" என்று கேட்டார். என் விசா ஜனவரியில் முடிகிறது. அறையில் நாங்கள் ஐந்து பெண்கள் இருக்கிறோம், யார் முன்னாலும் அழ இடமில்லாமல் மெட்ரோவில் யூனியன் ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

வேறு மூன்று படகு விசாரித்துவிட்டேன். நவம்பர் முழுக்க நிரம்பிவிட்டது. ஹஸ்னைன் பாய் 16ஆம் தேதியைப் போட்டுக் கொடுத்துவிட்டார். நீங்கள் வர முடியாது என்றால் காரணத்தை எழுதுங்கள். உண்மையான காரணத்தை.

இஃப்பத்


ஃபுஜைரா
31 அக்டோபர் 2024

இஃப்பத் மேடத்துக்கு,

என்னால் உங்களுக்குத் தலைகுனிவு வந்துவிட்டது. மன்னியுங்கள். காரணத்தை எழுதுகிறேன். இதை ஹஸ்னைன் பாய்க்குக்கூடச் சொன்னதில்லை.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டம் சின்னத்துறை. 2018இல் நானும் என் சிநேகிதன், கூட்டுக்காரன் ரிஜோவும் வளைகுடாவுக்கு வந்தோம். கூட்டிவந்தது உங்கள் கோபாலசாமி. சரக்கு ஏற்றும் வேலை என்று விசாவில் எழுதியிருந்தது. வந்த மூன்றாம் நாள் எங்களை ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றிவிட்டார்கள். எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை. தெரிந்த தொழில்தானே என்று போனோம்.

ஒருநாள் விடியற்காலை தூண்டில் கயிறு இறக்கும்போது கயிறு ரிஜோவின் காலில் சுற்றி, ஆளோடு கடலுக்குள் இழுத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குதித்தேன். கிடைக்கவில்லை. இரண்டு நாள் தேடினோம். நாங்கள் கரைக்கு வரும் முன்னாலேயே படகுக்காரன் கோபாலசாமி ஆபீசோடு பேசி முடித்துவிட்டான். விசா ஒரு வேலைக்கு, ஆள் இன்னொரு வேலைக்கு என்பது வெளியே தெரிந்தால் படகுக்காரன், கோபாலசாமி இரண்டு பேருக்கும் கேடு. அதனால் ரிஜோ படகில் இருக்கவே இல்லை, வேலையை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று எழுதிவிட்டார்கள்.

கடலில் செத்தவனைக் காகிதத்தில் ஓடிப்போனவன் ஆக்கிவிட்டார்கள், மேடம். ஊரில் அவன் பெண்டாட்டி ஜிஷா இருக்கிறாள். அவளுக்குச் செத்ததற்குச் சான்று இல்லை. அவன் ஆத்துமாவுக்குக் கோவிலில் பூசை வைக்க முடியவில்லை. வளைகுடாவில் வேறு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பேச்சு. நான் போய் நடந்ததைச் சொன்னேன். கூட்டுக்காரனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்றார்கள். அவளும் நம்பவில்லை.

கோபாலசாமியின் ஆபீஸ் வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பேன் என்று கணக்கில்லை. இவனை நான்தான் படகு வேலைக்கு அனுப்பினேன் என்று ஒரு தாள் தந்தால் போதும். ஒருமுறைகூட உள்ளே விடவில்லை. ஐடி காப்பியில் அந்த முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு மைல் வெளியே, அந்த ஆள் என் பக்கத்தில். என் கை என்ன செய்யும் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் பொய் சொன்னேன்.

ஜான் பீட்டர்


கராமா
5 நவம்பர் 2024

ஜான் பீட்டர் அண்ணனுக்கு,

ஐந்து நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. இதை ஏன் என்னிடம் சொன்னீர்கள்? எனக்கு ஒரு படகு வேண்டும், அவ்வளவுதான். இப்போது கோபாலசாமி சார் போனில் "என்னம்மா இஃப்பத், சுறா தூங்குதா?" என்று சிரிக்கும்போது வேறு லைன் வருகிறது என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

முஆதிடம் இந்த ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஹலாஸ், முடிஞ்சுது, நீயும் வேண்டாம்" என்றார்.

பிறகு யோசித்தேன். இத்தனை வருடம் அவர் ஆபீஸ் வாசலில் நின்றீர்கள், உள்ளே விடவில்லை. இப்போது அவரே உங்களிடம் வருகிறார். ஒன்பது மணி நேரம். அங்கே வாட்ச்மேன் இல்லை, "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று சொல்ல ஆள் இல்லை. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வருவதில்லை என்று ஒளிந்துகொண்டால் ஜிஷாவுக்கு என்ன கிடைக்கும்?

ஆனால் ஒன்று. நான்கு பேரை நான் உங்கள் படகில் ஏற்றி அனுப்புகிறேன். அதில் அவர் மகள் இளவேனிலும் இருக்கிறாள். நான்கு பேரும் திரும்பி வருவார்கள் என்று எனக்கு எழுதித் தாருங்கள். இல்லையென்றால் வேலை போனாலும் பரவாயில்லை, நான் அனுப்ப மாட்டேன்.

இஃப்பத்


ஃபுஜைரா
6 நவம்பர் 2024

தங்கச்சி இஃப்பத்துக்கு,

நான்கு பேரும் திரும்பி வருவார்கள். 16ஆம் தேதி, காலை ஐந்து மணி.

ஜான் பீட்டர்


கராமா
18 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

இரண்டு நாளாகப் போன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். நான்கு பேரும் திரும்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் சார் ஆபீசிலிருந்து பாராட்டி மெயில் வந்திருக்கிறது. அருமையான கைடு என்று எழுதியிருக்கிறார்கள். முஆத் எனக்கு டீ வாங்கித் தந்தார். அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

கேட்டீர்களா, இல்லையா? என்ன சொன்னார்? படகின் கம்பியில் மருமகன் ஒரு சின்ன கேமரா மாட்டியிருந்தாராம். பிறந்தநாளுக்குப் போட்டுக்காட்ட வெட்டி ஒட்டித் தரச்சொல்லி முழுப் பதிவையும் எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திறக்கும் முன்னால் உங்கள் வாயால் தெரிந்துகொள்ள நினைக்கிறேன்.

இஃப்பத்


ஃபுஜைரா
20 நவம்பர் 2024

தங்கச்சிக்கு,

கேட்டேன். எழுதத்தான் மனசு வரவில்லை.

மீன் குடலும் ரத்தமும் கலந்து கடலில் ஊற்றிவிட்டு, சூரை மீன் துண்டைக் குத்தித் தூண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் மகளுக்குத் தலைசுற்றி, உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மருமகனும் நண்பரும் முன்பக்கம் இருந்தார்கள். "எந்த ஊருப்பா?" என்று அவரே ஆரம்பித்தார். சின்னத்துறை என்றேன். "அட, உங்க ஊர்ப் பயலுக நாலஞ்சு பேரை நான்தான் இங்க கொண்டாந்தேன்" என்றார். ரிஜோவைத் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கையில சிலுவை பச்சை குத்தியிருப்பானே, அவனா? லோடிங் விசாவுல கொண்டாந்து மீன்பிடி போட்டுக்குக் குடுத்தேன். நன்றி கெட்ட பய, ஓடிப்போயிட்டான்" என்றார்.

தங்கச்சி, அவர் மறைக்கவில்லை. எதையோ மறைக்கிறவன் முகம் எனக்குத் தெரியும். அவர் எழுதச் சொன்ன பொய்யை அவரே நம்பிவிட்டார்.

"அவன் ஓடல்ல சார். கடல்ல விழுந்து செத்தான். நான் பாத்தேன்" என்றேன்.

அவர் வாயைத் திறக்கும் முன்னால் தூண்டில் கம்பில் ரீல் கத்த ஆரம்பித்துவிட்டது. பெரிய மீன். கம்பை அவர் கையில் கொடுத்து, இடுப்பில் பெல்ட்டைப் பூட்டினேன். மீன் இழுத்த இழுப்பில் ஆள் படகின் ஓரக் கம்பியைத் தாண்டிச் சரிந்துவிட்டார், பாதி உடம்பு வெளியே. நான் பின்னால் நின்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பது நிமிடம். "விட்டுராத, விட்டுராத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மீனைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா தெரியவில்லை. அந்த ஐம்பது நிமிடமும் என் விரலில்தான் இருந்தது எல்லாம். உங்களுக்கு எழுதிக் கொடுத்ததை நினைத்தேன் என்று சொன்னால் பொய். எதையும் நினைக்கவில்லை. கடலுக்குள் போகிறவனைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கைக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கிடைக்காத ஆளை இன்றைக்குப் பிடிப்பது போலப் பிடித்திருந்தேன்.

சுறா ஓரத்துக்கு வந்தது. படம் எடுத்தார்கள். கொக்கியைக் கழற்றி விட்டோம். அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு தண்ணீர் கொடுத்து, சார், ஒரே ஒரு தாள் எழுதித் தாருங்கள், அந்தப் பெண் ஊரில் தலை நிமிர முடியவில்லை என்றேன். "அதெல்லாம் பழைய ஆபீஸ், பழைய ஃபைல், ஒண்ணும் இல்ல. நீ வேலைக்கு வந்த, வேலையைப் பாரு" என்றார். இறங்கும்போது என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கேட்கச் சொன்னீர்கள், கேட்டாயிற்று. ஆபீஸ் வாசலில் நின்றதும் இதுவும் ஒன்றுதான். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜான் பீட்டர்


கராமா
29 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

பதிவைத் திறந்து பார்த்தேன். சுறா கடிப்பதற்கு முன்னால் நான்கு நிமிடம், நீங்களும் அவரும் பேசியது அத்தனையும் தெளிவாக இருக்கிறது. ஆளின் பேச்சை அவருக்குத் தெரியாமல் யாருக்காவது அனுப்பினால் இந்த நாட்டில் நான்தான் உள்ளே போக வேண்டும். அதனால் யாருக்கும் அனுப்பவில்லை. அவரிடமே கொண்டுபோனேன்.

நேற்று அவர் ஆபீஸ். இளவேனிலும் இருந்தாள். பிறந்தநாள் வீடியோ பார்க்க ஆசையாக உட்கார்ந்தாள். நான் லேப்டாப்பைத் திறந்து, "சார், இந்த இடத்தை வைக்கவா, வெட்டவா?" என்று கேட்டு, அந்த நான்கு நிமிடத்தைப் போட்டேன்.

உங்கள் குரல் "நான் பாத்தேன்" என்று சொல்லி முடித்ததும் அவர், "வெட்டிடும்மா, அது எதுக்கு?" என்றார். இளவேனில் அவரைப் பார்த்தாள். "யாருப்பா அது?" என்றாள். "வேலைக்கு வந்த பையன்" என்றார். "செத்துட்டாருன்னு அவர் சொல்றார். நீங்க ஓடிட்டான்னு சொல்றீங்க. யாராவது அவர் வீட்டுல கேட்டீங்களா?" அவள் எழுந்து உள்ளே இருந்த பியூனைக் கூப்பிட்டு, 2018 ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஷார்ஜா குடோனில் இருக்கிறது மேடம் என்று பியூன் உடனே சொல்லிவிட்டார். உங்களிடம் சார் இல்லை என்றாரே, அதே ஃபைல்.

நான் டைப் செய்து கொண்டுபோன தாளில் சார் கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு தடவை வக்கீலுக்குப் போன் செய்தார். ஒரு தடவை என்னைத் திட்டினார். கடைசியில் மகள் முகத்தைப் பார்க்காமலேயே போட்டார். ரிஜோவைப் படகு வேலைக்கு அனுப்பியது தானே என்றும், வேலையை விட்டு ஓடியதாக எழுதியது தவறான தகவல் என்றும் அதில் இருக்கிறது. சீல் வைத்திருக்கிறது. விசா காப்பியும் சேர்த்து உங்களுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன்.

நான் செய்தது நியாயமா, மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. முஆதுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. டிசம்பரோடு என் வேலை முடிகிறது. இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம். கீழே என் சொந்த முகவரி இருக்கிறது. அல் ஐனில் ஒரு ஸ்கூலில் ஆபீஸ் வேலைக்குக் கேட்டிருக்கிறேன். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இஃப்பத்


சின்னத்துறை
2 பிப்ரவரி 2025

தங்கச்சி இஃப்பத்துக்கு,

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். அல் ஐன் வேலை கிடைத்த செய்தி பார்த்துச் சந்தோசம்.

சான்று இன்னும் கையில் வரவில்லை. மூன்று வாரமாக ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்குகிறேன். ஒருத்தர் தூதரகத்தின் சீல் வேண்டும் என்கிறார். இன்னொருத்தர் விழுந்த இடம் எந்த நாட்டுக் கடல் என்று கேட்கிறார். கடலுக்கு நடுவில் பலகை வைத்திருப்பார்களா? ஆனாலும் இந்தத் தடவை யாரும் என்னை வாசலில் நிறுத்தவில்லை. தாளைக் கண்டதும் உட்காரச் சொல்கிறார்கள். பங்குத் தந்தை அதை வாசித்துவிட்டு, சான்று வரும்போது வரட்டும், பூசை வைப்போம் என்று சொல்லிவிட்டார்.

ஜிஷாவிடம் தாளைக் கொடுத்தேன். இங்கிலீஷில் இருந்ததை நின்றபடியே வாசித்தாள். தமிழில் ஒரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

"அண்ணே, நீங்க சொன்னப்ப நான் நம்பல்ல" என்றாள். "ஆறு வருசமா தெனமும் அந்த மனுசனை ஏசிட்டிருந்தேன். எவகூட கெடக்கானோன்னு. சோறு வைக்கும்போதுகூட ஏசுவேன்."



பிறகு அவள் ஒன்று கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காதது. "தண்ணி குளுந்து கெடந்துச்சா, அண்ணே?"

அது ஆகஸ்ட் மாதம். அங்கே அந்த மாதத்தில் கடல் குளிப்பாட்ட வைத்த வெந்நீர் போல இருக்கும். நானும் குதித்தேன் அல்லவா, எனக்குத் தெரியும். "இல்ல ஜிஷா, குளுந்து கெடக்கல்ல" என்றேன். இந்த விசயத்தில் அவளிடம் சொல்ல என் கையில் இருந்த ஒரே ஆறுதல் அதுதான். அது உண்மையாகவும் இருந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு, தாளை மடித்து வைத்துவிட்டு, முதல் தடவையாக அவன் பெயரைச் சொல்லி அழுதாள்.

பூசை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

ஜான் பீட்டர்